கட்டுமானக் காற்று

எங்கள் ஊரில் காற்று அடிப்பதில்லை. இதை நான் சொல்லவில்லை. மலைச்சரிவு மின்பாதை மேம்பாட்டுத் தனிப்பிரிவு ஒன்பது பக்கத்தில் எழுதி, மூன்று இடத்தில் முத்திரை குத்திச் சொன்னது. அந்த ஒன்பது பக்கத்தையும் நான் படித்திருக்கிறேன். அடுத்த வீட்டுக்கு வந்த காகிதத்தைப் படிக்காமல் விடும் பழக்கம் எனக்கு இல்லை.

ஊர் என்றால் கணவாய்க்கரடு. போடியிலிருந்து குரங்கணிக்குப் போகிற ஜீப்பு ரோட்டில் பாதி வழியில் இறங்கி, இடது பக்கம் ஏறினால் இருபத்தேழு வீடு. தலைக்கு மேலே போடிமெட்டுக் கணவாய். ஆனி பாதியில் மழை கேரளத்துப் பக்கம் நின்றுகொள்ளும். அதைத் தள்ளிக்கொண்டு வந்த காற்று மட்டும் கணவாய் வழியாக எங்களிடம் இறங்கும். ஆவணி பாதிவரை போகாது. அந்த இரண்டு மாதமும் எங்கள் ஊரில் யாரும் குடை பிடிப்பதில்லை. பெண்கள் சேலைக்கு மேல் சாக்கைச் சுற்றி இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வார்கள். கோழிகளைக் கூடை போட்டுக் கவிழ்த்து, கூடைமேல் கல் வைப்போம். நான்கு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுத் தகரம் ஒன்று பறந்துபோய் ராசிங்காபுரத்துப் பருத்திக் காட்டில் இறங்கியது. போய்க் கேட்டதற்கு, அந்தக் காட்டுக்காரர் அதைத் தொழுவத்துக்குப் போட்டுவிட்டதாகச் சொல்லி மோர் கொடுத்து அனுப்பினார்.

அதனால் ஆனி முதல் வாரம் எங்களுக்குக் கூரை கட்டு. கத்தாழைக் கயிற்றைத் தகரத்தின்மேல் குறுக்கே போட்டு, இரண்டு பக்கமும் பாறையில் இழுத்து முடிச்சுப் போடுவோம். ஒரு வீட்டுக்கு ஊரே வரும். கட்டிய வீட்டில் கருப்பட்டிக் காப்பி.

1986-ஆம் வருஷம் தை மாதம் தனிப்பிரிவு போடிக்கு வந்தது. கணவாயில் காற்றாலைகள் நட்டு மின்சாரம் எடுக்கப் போகிறார்கள். அந்த மின்சாரத்தைப் பழைய கம்பி தாங்காது. ஆகவே பெரிய கோபுரங்கள் நிறுத்திப் புதுப் பாதை போட வேண்டும். இதற்காகப் போடியில் ஒரு பழைய ஏலக்காய்க் கிடங்கை வாடகைக்குப் பிடித்தார்கள். அங்கிருந்து வரும் எந்த உத்தரவைப் பிரித்தாலும் பாயச வாசம் அடிக்கும். உள்ளே இருப்பது வேறு.

செயற்பொறியாளர் பெயர் ராஜாராம். சட்டைப் பையில் நான்கு பேனா, நான்கு நிறம். அவருக்கு முதல் வேலை, காற்றை அளப்பது. அதற்காக நாலு கிண்ணம் வைத்துச் சுற்றுகிற கருவி ஒன்று சென்னையிலிருந்து வந்தது. கூடவே ஒரு விதியும் வந்தது: கருவியை மழை, தூசி, காற்று படாமல் பாதுகாக்க வேண்டும். ராஜாராம் விதியை மீறாத மனிதர். கருவியைக் கிடங்கின் உள்ளறையில், பீரோவுக்குப் பின்னால் நிறுத்தி, சன்னலைச் சாத்தி, தையும் மாசியும் தினம் இரண்டு வேளை குறித்தார்கள். மணிக்கு மூன்று கிலோமீட்டர். அந்த மூன்றும் எழுத்தர் பிச்சைமணி குனிந்து பார்க்கும்போது விட்ட மூச்சு என்று ஜீப்பு டிரைவர் என்னிடம் சொன்னான்.

ஆனால் மூன்று கிலோமீட்டருக்குக் காற்றாலை கிடைக்காது என்று மேலிடம் எழுதிவிட்டது. அதனால் அதே கருவியை ஜீப்பில் ஏற்றி, தேவாரம் ரோட்டில் வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒருநாள் போனார்கள். ஜீப்பு நாற்பதில் போனது. முப்பத்தெட்டு என்று பதிந்தார்கள். அந்த இரண்டைக் குறைத்தது நேர்மைக்காக.

இப்போது வேலுத்தாய்க்கு வருகிறேன். எனக்கு அடுத்த வீடு. புருஷன் திருப்பதி மெட்டில் மரலாரிக்கு லோடு ஏற்றுகிறவன். சனிக்கிழமை இறங்கி வந்து திங்கள்கிழமை ஏறிப்போவான். வேலுத்தாய் பதினோரு வருஷம் மெட்டில் ஏலக்காய் எடுத்தவள். கல்லாகவும் தகரமாகவும் சேர்த்து வீட்டைக் கட்டினாள். நிலைக்கதவு மட்டும் தேக்கு. அந்தக் கதவைப் பற்றி அவள் ஆரம்பித்தால், அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி நான் நழுவிவிடுவேன்.

பங்குனியில் அந்த வீட்டுக்குப் பின்னால், மேற்கே, பன்னிரண்டடி தூரத்தில் தனிப்பிரிவு ஒரு முளை அடித்தது. எழுபதடிக் கோபுரம். காற்று மேற்கேயிருந்து வரும். கோபுரம் விழுந்தால் எதன்மேல் விழும் என்பதற்குக் கருவி வேண்டியதில்லை. குழி வெட்டியவர்களிடம் கேட்டேன். வரைபடத்தில் ஆழம் ஒன்பதடி இருந்ததாம். மூன்று கிலோமீட்டர் காற்றுக்கு நாலடி போதும் என்று சிவப்புப் பேனாவில் திருத்தியிருக்கிறதாம்.

வேலுத்தாய் மனு எழுதிக்கொண்டு போடிக்குப் போனாள். துணைக்கு நான். துணை என்று அவள் கூப்பிடவில்லை. நானாகத்தான் பஸ்சில் ஏறினேன்.

கிடங்கில் இரண்டு மேசை இருந்தன. ஒன்று காற்றாலைப் பிரிவு, ஒன்று கோபுரப் பிரிவு. இரண்டுக்கும் முன்னால் ஒரே நீளப் பெஞ்சு. பிச்சைமணி இந்தக் கோடியில் உட்கார்ந்தால் காற்றாலை. நகர்ந்து அந்தக் கோடிக்குப் போனால் கோபுரம்.

"அய்யா, எங்க வீட்டுக்குப் பொறத்தால கோபுரம் நடுறாக," என்றாள் வேலுத்தாய். "குழி நாலடிதான் இருக்கு. ஆடியில நிக்காதுங்கய்யா."

"ஏன் நிக்காது?"

"காத்தடிக்கும்ல."

பிச்சைமணி கோபுரக் கோடியில் இருந்தார். ஒரு புத்தகத்தைப் பிரித்தார். "மணிக்கு மூணு கிலோமீட்டர். இதுக்குப் பேரு காத்தாம்மா?"

"அப்ப மேல எதுக்குக் காத்தாலை வைக்கிறீக?" இது நான்.

அவர் பெஞ்சில் நகர்ந்து மறுகோடிக்கு வந்து வேறு புத்தகத்தைப் பிரித்தார். "முப்பத்தெட்டு. அருமையான காத்து."

"ரெண்டும் ஒரே ஊருதானுங்களே?"

"ஊரு ஒண்ணுதான். மேசை வேற."

சத்தம் கேட்டு ராஜாராம் வெளியே வந்தார். மனுவை வாங்கி, பச்சைப் பேனாவில் ஏதோ கிறுக்கிவிட்டு, எங்களுக்குப் புரிகிற மாதிரி பொறுமையாக விளக்கினார்.

"இந்தாம்மா, நீங்க காத்து ஒண்ணுதான்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. பொதுமக்கள்கிட்ட இதான் குறை. இலாகாவுல காத்து ரெண்டு. ஒண்ணு உற்பத்திக் காத்து. அது எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது, அப்பத்தான் திட்டம் நிறைவேறும். இன்னொண்ணு கட்டுமானக் காத்து. அது எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது, அப்பத்தான் சிமெண்டு மிச்சமாகும். ரெண்டையும் கலந்தா நிர்வாகம் எப்படி நடக்கும்?"

"மிச்சமாகுற சிமெண்ட என்னங்கய்யா செய்வீக?" என்று வேலுத்தாய் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வீடு கட்டியவள், சிமெண்டு என்றதும் காது அங்கே போய்விட்டது.

"அதுக்கு வேற மேசை இருக்கு," என்றார் ராஜாராம்.

அந்த மேசை எங்கே இருந்தது என்று சித்திரையில் தெரிந்தது. கோபுரத்துக்குத் தெற்கே ஐம்பதடியில், எங்கள் ஊர் மேட்டில், தனிப்பிரிவு அதிகாரிகள் வந்து தங்க ஆய்வு விடுதி ஒன்று எழுந்தது. இரண்டு அறை, வழவழவென்று சிவப்புத் தரை, உட்கார்ந்து போகிற கக்கூசு. கணவாயின் அழகைப் பார்க்க வடமேற்கு மூலையில் ஆள் உயரச் சன்னல். இதற்கு அஸ்திவாரம் ஏழடி. கொத்தனாரிடம் நானே கயிறு வாங்கி அளந்து பார்த்தேன்.

எங்கள் ஊரில் அதுவரை மின்சாரம் கிடையாது. ஆய்வு விடுதிக்கு மட்டும் நாலு விளக்கும் மின்விசிறியும் போட்டு, கம்பியைக் கோபுரத்துப் பக்கமாக நீட்டி வைத்திருந்தார்கள். காற்றில்லாத ஊர் அல்லவா, விசிறி வேண்டியிருக்கிறது.

வைகாசியில் கோபுரம் நின்றது. அதே வாரம் மனுவுக்குப் பதிலும் வந்தது. நான் சொன்ன ஒன்பது பக்கம். கணவாய்க்கரட்டில் காற்று என்று கருதத்தக்க எதுவும் இல்லை, மனுதாரர் உணர்வதாகக் கூறும் அசைவு அவரது சொந்த உணர்வேயாகும், பக்கம் ஆறு.

வேலுத்தாய் அதை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். முடிந்ததும் பின்பக்கம் போய் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

ஆனி வந்தது. கூரை கட்டுக்கு ஊர் கூடியது. அவள் வீட்டு முறை வந்தபோது, "வீட்டக் கட்டி என்ன செய்ய? அதயில்ல கட்டணும்," என்று கோபுரத்தைக் காட்டினாள். எங்கள் ஆட்களுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கூரையும் அரசாங்கமும் அசைந்தால் கட்ட வேண்டியதுதானே. ஏழு கத்தாழைக் கயிற்றைக் கோபுரத்தில் ஏறி முடிச்சுப் போட்டு, ஏழு பாறையில் இழுத்துக் கட்டினார்கள். சனிக்கிழமை வந்த திருப்பதி அதைப் பார்த்துச் சிரித்தான்.

"கயிறு எம்புட்டு நேரம் தாங்கும்? இரு," என்று போனவன், அடுத்த சனிக்கிழமை மரம் இழுக்கிற கம்பி வடம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். அவன் லோடு ஏற்றுகிற எஸ்டேட்டுக்குச் சொந்தமானது. எஸ்டேட்டுக்குத் தெரியாது. அதைக் கோபுரத்தின் உச்சிப் பக்கம் மாட்டி, தென்மேற்கே இருக்கிற பெரிய பாறையில் சுற்றி இறுக்கினான். ஆக எட்டு.

யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நானில்லை. பிச்சைமணி ஜீப்பில் வந்தார். இறங்கினால் கையிலிருக்கும் கோப்பு பறந்துவிடும் என்று கண்ணாடிக்குள் இருந்தபடியே எண்ணினார். ஏழு எண்ணினார். எட்டாவது ஆய்வு விடுதிச் சுவருக்குப் பின்னால் போனது. அவர்கள் கட்டின சுவர், அவர்களுக்கே மறைத்தது.

நாலாம் நாள் பிச்சைமணியைக் கூட்டிக்கொண்டு ராஜாராமே வந்தார். அன்றைக்குக் காற்று நல்ல பிடிப்பில் இருந்தது. டிரைவர் கோப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். ராஜாராம் ஒரு கையால் வேட்டி நுனியைப் பிடிக்கிற மாதிரி தன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டார், பழக்கம் போலிருக்கிறது. "இங்கே காத்து இல்லை" என்று அவர் சொன்னது மூன்றாவது தடவைதான் எங்கள் காதில் விழுந்தது. முதல் இரண்டு தடவை சொன்னதைக் காற்று கொண்டுபோய்விட்டது.

"யாரைக் கேட்டு அரசாங்க உடைமையைக் கட்டினீங்க?"

"விழுந்துரும்னுதானுங்கய்யா," என்றாள் வேலுத்தாய்.

"விழும்னு யார் சொன்னது?"

"அதுவே சொல்லுதுல்ல. கேளுங்க."

கோபுரம் கிறீச் கிறீச் என்று முனகிக்கொண்டிருந்தது. ராஜாராம் கேட்கவில்லை. பேசினார்.

"உனக்கு விஷயம் புரியலை. கோபுரம் விழுந்தா ஒரு கோபுரம்தான் போகும், இன்னொண்ணு நட்டுக்கலாம். கயிறு கட்டினதை அனுமதிச்சா, காத்து இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். என் அறிக்கை போயிரும். இருபத்தி ரெண்டு வருஷ சர்வீசு. எது பெருசுன்னு நீயே சொல்லு."

அவள் திரும்பித் தன் தேக்குக் கதவைப் பார்த்தாள். "வீடுங்கய்யா."

"அது உனக்கு. அவுத்துவிடு. இல்லைன்னா போலீசு வரும்."

"அப்ப எழுதிக் குடுங்க. எத்தன கயிறு, எதுக்கு அவுக்கணும்னு."

எழுதுவது என்றால் ராஜாராமுக்குப் பிரியம். ஜீப்புக்குள் உட்கார்ந்து நீலப் பேனாவை எடுத்தார். கணவாய்க்கரட்டில் காற்று இல்லாமையால், கோபுரத்தில் கட்டப்பட்டுள்ள கயிறுகள் ஏழும் தேவையற்றவை; உடனடியாக அவிழ்க்கப்பட வேண்டும். கையெழுத்து, தேதி, முத்திரை. வேலுத்தாய் ஒவ்வொரு கயிறாக அவர் கண்முன்னாலேயே அவிழ்த்தாள். பிச்சைமணி சத்தமாக எண்ணினார். ஏழு என்றதும் இருவரும் ஜீப்பில் ஏறிப் போனார்கள்.

"அடியே, எட்டாவது?" என்றேன்.

"அது அவுக காயிதத்துல இல்ல மதினி."

"ஒத்த வடம் தாங்குமா?"

"தாங்காது." கயிறுகளைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "எங்க அய்யா வீட்டுல பன்னெண்டு மாடு. ஒத்தக் கயித்துல கட்டுன மாடு மெரண்டா எங்கிட்டுச் சுத்திப் போயி விழும்னு எனக்குத் தெரியும்."

தென்மேற்குப் பாறை. மேற்குக் காற்று. நான் மனசுக்குள் மாட்டைச் சுற்றவிட்டுப் பார்த்தேன். அது தெற்கே போய் விழுந்தது. தெற்கே என்ன இருந்தது என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அதற்குமேல் நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

ஆனாலும் அவளுக்குப் பயம் இருந்தது. மாடு கணக்காகச் சுற்றினால் சரி. வடம் முதலிலேயே அறுந்தால் பதினோரு வருஷம் போச்சு. ஆடி பிறந்த அன்று நிலைக்கதவைக் கழற்றி, தானே முதுகில் சுமந்துகொண்டு வந்து, என் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தாள். "கொஞ்சம் பாத்துக்கங்க மதினி," என்றாள். பிறகு பாத்திரம், பிறகு படுக்கை. வாசலில் கதவில்லாத வீடு பல் போன வாய் மாதிரி இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கும் ராஜாராம்மேல் நிஜமான கோபம் வந்தது. அதுவரை வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடிப் பதினெட்டில் ஆய்வு விடுதித் திறப்பு விழா என்று அழைப்பிதழ் அச்சாகியிருந்தது. புதுக் கட்டில் இரண்டு, கண்ணாடி ஒன்று, பீங்கான் கோப்பைகள் எல்லாம் வந்து இறங்கிப் பூட்டி வைத்தாயிற்று.

ஆடி பதினாறாம் தேதி பகல் பதினொரு மணிக்குக் கோபுரம் கிளம்பியது. நாங்கள் எல்லோரும் கிழக்கே பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியிருந்தோம். முதலில் மேற்குப் பக்கத்து அடிக்கால் இரண்டும் நாலடிச் சிமெண்டோடு மண்ணைவிட்டு எழுந்தன. பனங்கிழங்கு பிடுங்குகிற மாதிரி. கோபுரம் வேலுத்தாய் வீட்டைப் பார்த்துச் சாய்ந்தது. அவள் என் தோளைப் பிடித்த பிடியில் நாலு நாள் கன்றிப்போயிருந்தது. சாய்ந்த கோபுரத்தை வடம் வெடுக்கென்று பிடித்தது. ஒரு கணம் நின்றது. பிறகு உச்சி மெல்லத் தெற்கே சுற்றியது. அவசரமே இல்லை. முழுதாகச் சுற்றி, விடுதியின் அழகு பார்க்கிற சன்னலில் தலையை வைத்து, உள்ளே போய்ப் படுத்தது.

யாரும் கைதட்டவில்லை. அரசாங்க உடைமைக்குக் கைதட்டலாமா கூடாதா என்று எங்களுக்கு உத்தரவு இல்லை. திருப்பதி மட்டும், வடத்தை அவிழ்த்துச் சுருட்டி அன்று மத்தியானமே மெட்டு ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டான்.

ராஜாராம் வந்தார். கோபுரத்தைப் பார்த்தார். விடுதியைப் பார்த்தார். உடைந்த பீங்கானை மிதித்துக்கொண்டு, "எல்லாம் இந்தக் காத்து…" என்று ஆரம்பித்தவர், அப்படியே வாயை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த வாய் மூடியதை நான் பார்த்தேன். கடவுள் எனக்குக் கண்ணைக் கொடுத்தது அதற்குத்தான் என்று தோன்றியது.

விசாரணைக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அவர் வருவதற்கு முந்தின நாள் ராஜாராம் தனியாக, ஜீப்பைக் கீழே நிறுத்திவிட்டு, வேலுத்தாய் வீட்டுக்கு நடந்து வந்தார். நான் அவள் வீட்டில் கதவு மாட்ட உதவிக்கொண்டிருந்தேன். உதவி என்றால், பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா," என்றார். போன தடவை 'நீ' என்றவர். "நாளைக்கு உங்களைக் கேப்பாங்க. பலத்த காத்து அடிச்சுது, அதான் விழுந்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இயற்கைச் சீற்றம்னு முடிச்சிருவேன்."

"காத்தா?" என்றாள் வேலுத்தாய்.

"ஆமாம்மா. நீங்கதானே முதல்ல சொன்னீங்க."

"நான் படிக்காதவ. என்னத்தையோ நெனச்சுச் சொல்லிப்புட்டேன். அது என் சொந்த உணர்வுன்னு நீங்க எழுதினதுக்கப்பறம்தான் எனக்கு வெளங்குச்சு."

"மூணே நாள்ல உங்க வீட்டுக்கு லைட்டு போட்டுத் தர்றேன். மொதல் லைட்டு, இந்த ஊர்லயே."

அவள் யோசித்தாள். அது எனக்குத் தெரிந்தது. இரண்டு வருஷமாகச் சிம்னி விளக்கின் புகை அவள் கண்ணில் கோளாறு வைத்திருந்தது. கையிலிருந்த கீல் ஆணியை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள்.

"அய்யா, அந்தக் கதவை நான் முதுகுல சுமந்துக்கிட்டுப் போனேன்," என்றாள். "வெரசா கெளம்புங்க. எனக்குச் சோலி கெடக்கு."

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. சன்னல்களுக்குக் கம்பி உண்டு, கதவு கிடையாது. அதிகாரி வயதானவர், ஓய்வுபெற ஐந்து மாதம். அன்றைக்குக் காற்று, எங்களுக்கே கொஞ்சம் அதிகம். அவருடைய குமாஸ்தா கோப்புகளின்மேல் உட்கார்ந்திருந்தான். கரும்பலகை சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி குடிக்க எடுத்த டீ, டம்ளரைவிட்டு எழுந்து குமாஸ்தாவின் சட்டையில் இறங்கியது.

"சம்பவத்தன்று காற்று அடித்ததா?" என்று அதிகாரி கத்தினார். கத்தாமல் கேட்காது.

"இல்லீங்கய்யா," என்று வேலுத்தாய் கத்தினாள்.

ஊரே வரிசையாக வந்தது. இருபத்தேழு வீட்டிலும் ஒருவர்கூடக் காற்றைப் பார்த்ததில்லை. சாக்கைச் சுற்றி, இடுப்பில் கயிறு கட்டி, முன்னால் சாய்ந்து நடந்து வந்து, "காத்துங்களா? எங்கிட்டு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் சத்தியம் செய்தே சொன்னேன்.

ராஜாராம் எழுந்தார். "சார், பொய் சொல்றாங்க. நீங்களே பாருங்க, இதோ அடிக்குதே."

"என்மேல் படுவது வேறு, பதிவு வேறு," என்றார் அதிகாரி, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு. "பதிவேட்டில் இல்லாத காற்றை நான் உணர்ந்தால் அது என் சொந்த உணர்வு. நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். பக்கம் ஆறு. முப்பத்து மூன்று வருஷத்தில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட அறிக்கையை நான் பார்த்ததில்லை."

"முப்பத்தெட்டு கிலோமீட்டர்னு இன்னொரு பதிவும் இருக்கு சார். பிச்சைமணி, அதை எடுங்க."

பிச்சைமணி மாணவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மெல்ல மறுகோடிக்கு நகர்ந்தார். "அது காற்றாலை மேசை சார். இது கோபுர விசாரணை. அந்தக் காத்தை இங்க கொண்டாரக் கூடாது. ரெண்டையும் கலந்தா நிர்வாகம் நடக்காதுன்னு அய்யாவே சொல்லியிருக்காரு."

ராஜாராம் அவரைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை வைத்திருப்பேன்.

கடைசியாக ராஜாராம் தன் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். பதினான்கு பக்க விளக்கம். இரண்டு நாள் ஊண் உறக்கமில்லாமல் எழுதியதாகச் சொன்னார். "எல்லா உண்மையும் இதுல இருக்கு சார். படிச்சீங்கன்னா போதும்," என்று நாடாவை அவிழ்த்தார்.

அவிழ்த்திருக்கக் கூடாது. எங்கள் ஊரில் ஆடியில் யாரும் எதையும் அவிழ்க்க மாட்டார்கள். பதினான்கு பக்கமும் கொக்குக் கூட்டம் மாதிரி எழுந்து, சன்னல் கம்பிக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து, போடியைப் பார்த்துப் போயின. அவர் சன்னலுக்கு ஓடிக் கம்பிக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நின்றார். பிடிக்க யாரும் எழவில்லை.

அதிகாரி ஒரு நிமிஷம் மரியாதைக்காகக் காத்திருந்தார். பிறகு குமாஸ்தாவிடம், "எழுதிக்கொள். சம்பந்தப்பட்ட அலுவலர் எழுத்துமூலமான விளக்கம் எதையும் தாக்கல் செய்யவில்லை," என்றார்.

தீர்ப்பு ஒரு மாதத்தில் வந்தது. ராஜாராமுக்குத் தற்காலிகப் பணிநீக்கம். காற்றே இல்லாமல் கோபுரம் விழுகிற நிலம் கோபுரத்துக்கு லாயக்கற்றது என்பதால், பாதை ஒரு மைல் தள்ளி மொட்டைப் பாறை வழியாக மாற்றப்பட்டது. குழி ஒன்பதடி. முப்பத்தெட்டு கிலோமீட்டர் புத்தகத்தை யாரும் தொடவில்லை. காற்றாலைகள் இன்னும் பரிசீலனையில் இருப்பதாகக் கேள்வி. எங்கள் ஊருக்கு லைட்டு வரவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. விசாரணைக்கு மறுநாள் காலையில் என் வீட்டு முருங்கையில் நாலு பக்கம் மாட்டியிருந்தது. எடுத்துப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார் மனிதர். பீரோவுக்குப் பின்னால் வைத்த கருவி, ஜீப்பு, சிமெண்டு எல்லாம் இருந்தது. கணவாய்க்கரட்டு ஆடிக் காற்று மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டருக்குக் குறையாது, அங்குள்ள மக்கள் அதை ஆரம்பத்திலேயே எச்சரித்தார்கள் என்று பதினோராம் பக்கத்தில் கண்டிருந்தது. அதிகாரி போடியில்தான் தங்கியிருந்தார். அவர் சென்னைக்குப் பஸ்சு ஏற இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

எனக்கும் மனசாட்சி உண்டு. காகிதத்தை எடுத்துக்கொண்டு வேலுத்தாயிடம் போனேன். அவள் வாசலில் ஒரு கூடைக் கேழ்வரகோடு நின்றாள்.

"ராஜாராம் காயிதம்டி. நாலு பக்கம் கெடச்சிருக்கு. கொண்டுபோயிக் குடுத்துருவமா?"

"எப்படி வந்துச்சு?"

"பறந்துதான்."

"காத்தில்லாத ஊர்ல காயிதம் எப்படிப் பறக்கும் மதினி?" என்றாள். "வேற யாரோடதாவது இருக்கும்."

பிறகு முறத்தில் கேழ்வரகை அள்ளி, கணவாயைப் பார்த்துத் திரும்பி நின்று, தலைக்கு மேலே தூக்கித் தூற்ற ஆரம்பித்தாள். மணி அவள் காலடியில் விழுந்தது. உமி போடிப் பக்கம் போனது.